பணியாரக்கல் மாதிரி ஒரு சிரிலிக் எழுத்து: எமோஜியா, எழுத்தா?

மொட்டைமாடி (சனி, இரவு 10:12)

இணையத்தில் சதுரங்கம் ஆடும் பழக்கம் உண்டு. நேற்று ரஷ்யக் கொடி போட்ட ஒருவர் எதிரே வந்தார். இருபத்தொரு நகர்வில் என்னைச் சுருட்டிவிட்டார், அது வேறு விஷயம். அவர் பெயரின் நடுவே ஒரு குறி இருந்தது. ஏழு சிறு வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி. ஏழு குழிப் பணியாரக்கல்லில் மாவை ஊற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மிளகு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

எமோஜி என்று நினைத்து நகலெடுத்துத் தேடினால் ‘சிரிலிக் எழுத்து’, அதாவது ரஷ்ய மொழியை எழுதும் எழுத்துமுறையைச் சேர்ந்தது, என்று வருகிறது. இங்கே ஒட்டிக் காட்டலாம் என்றால் நம் தளம் அதை வெறும் சதுரப் பெட்டியாக்கிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பணியார வர்ணனை. ரஷ்ய மொழியில் இதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? என்ன ஓசை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுள்ளான் (10:20)

எமோஜிதான். எந்த மொழிக்காரன் ஓர் எழுத்துக்கு ஏழு வட்டம் போடுவான்? மூன்று மணி நேரத்தில் பரீட்சை எழுதி முடிப்பானா?

கசான்ரிட்டர்ன் (10:41)

ஆறு வருடம் ரஷ்யாவில் மருத்துவம் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. இன்றைய ரஷ்ய நெடுங்கணக்கில் 33 எழுத்துகள், அதில் இது கிடையாது. எங்கள் பேராசிரியர்களின் கையெழுத்தில் எல்லா எழுத்துமே ஒரே அலைக்கோடாகத்தான் இருக்கும், அதற்குள் இது ஒளிந்திருந்தால் எனக்குத் தெரியாது.

எழுத்துருத்தம்பி (11:30)

எழுத்துதான் சுள்ளான். எழுத்துரு வடிவமைப்பு என் பிழைப்பு, அதனால் இந்த ஆசாமியோடு பழக்கம் உண்டு. ‘மல்டிஆக்குலர் ஓ’ என்பார்கள், தமிழில் ‘பல கண் ஒ’ என்று வைத்துக்கொள்ளலாம். ஓசை என்று தனியாக எதுவும் இல்லை, சாதாரண ‘ஒ’தான். சிரிலிக்கிலும் ‘ஒ’ என்பது வெறும் வட்டம். இவர் அந்த வட்டத்தின் கொள்ளுப்பேரன்.

மொட்டைமாடி, ‘ரஷ்யர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள்’ என்று கேட்டீர்கள். ஒருவர், ஒரு முறை பயன்படுத்தினார். அவ்வளவுதான்.

1429ஆம் ஆண்டு வாக்கில் படியெடுத்த ஒரு சங்கீத நூல், பைபிளில் இருக்கும் அந்தச் சங்கீதம்தான், மாஸ்கோவுக்கு அருகே செர்கியெவ் பொசாத்தில் இருக்கும் திரித்துவ மடத்தின் தொகுப்பைச் சேர்ந்தது. பழைய சர்ச் ஸ்லாவிய மொழி. அதில் ‘பல கண்ணுடைய செராஃபிம்கள்’ என்று ஒரு தொடர் வருகிறது. செராஃபிம் என்றால் ஒரு வகை வானதூதர். அந்தச் சொல்லில் ‘கண்’ என்ற பகுதி ‘ஒ’ என்ற எழுத்தில் தொடங்கும். அதை எழுதியவர் ஒரு வட்டம் போட்டு நிறுத்தவில்லை. பல கண் என்று சொல்கிறோமே, எழுத்துக்கும் பல கண் இருக்கட்டும் என்று வட்டங்களைக் கொத்தாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் கண்மணி வைத்துவிட்டார். பெயர் தெரியாத அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். பக்தியா குறும்பா என்று பிரிக்கவே முடியாது.

இதை 1928இல் யெஃபிம் கார்ஸ்கி என்ற ஸ்லாவிய எழுத்தியல் அறிஞர் பதிவு செய்தார். 2007இல் பழைய சிரிலிக் எழுத்துகள் பலவற்றைச் சேர்த்து யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் இடம் ஒதுக்கும் பொது அட்டவணைக்கு, ஒரு முன்மொழிவு போனது, அந்தக் கூட்டத்தோடு இதுவும் ஏறிக்கொண்டது. ஏப்ரல் 2008இல் வந்த 5.1 பதிப்பில் இடம் கிடைத்தது. அதே 5.1இல்தான் நம்முடைய ௐ என்ற குறியும் தமிழ்ப் பகுதிக்குள் வந்தது. இரண்டு அலங்கார ஓக்கள், ஒரே ரயிலில்.

மொட்டைமாடி (11:44)

ஒரே ஒரு முறையா! அதை எடுத்துப் பெயரில் வைத்துக்கொண்டு என்னைத் தோற்கடித்திருக்கிறார்.

சுள்ளான் (11:52)

அப்படியென்றால் என் கேள்வி இன்னும் பெரிதாகிறது. ஓர் ஆள் ஒரு நாள் விளையாட்டாகக் கிறுக்கியது எப்படி எழுத்து ஆகும்? அது படம். நானும்தான் கல்லூரி நோட்டில் ‘ஒ’வுக்கு மீசை வைத்திருக்கிறேன்.

எழுத்துருத்தம்பி (ஞாயிறு, 12:20)

ஒற்றை ஆளின் கிறுக்கல் என்று தள்ள முடியாததற்குக் காரணம், அவருக்குப் பின்னால் ஒரு வழக்கம் இருந்தது. பழைய ஸ்லாவியத்தில் கண்ணுக்கு ‘ஓகோ’ என்று பெயர். சில ஏடுகளில் இந்தச் சொல்லின் முதல் வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தார்கள்: ஒற்றைக் கண் ஒ. அந்த மொழியில் ஒருமை, பன்மை தவிர இருமையும் உண்டு. இரண்டு கண்களைச் சொல்ல ‘ஓச்சி’. அங்கே ஒரே வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தவர்களும் உண்டு, புள்ளி வைத்த இரண்டு வட்டங்களை ஒட்டி வரைந்தவர்களும் உண்டு. இந்த வகைகளுக்கும் யூனிகோடில் தனித்தனி இடம் இருக்கிறது, பெரிய வடிவம் சிறிய வடிவம் சகிதம்.

‘சுற்றிலும்’ என்று பொருள்படும் ‘ஒக்ரெஸ்த்’ என்ற சொல்லுக்குள் சிலுவையைக் குறிக்கும் ‘க்ரெஸ்த்’ ஒளிந்திருக்கிறது. அதன் முதல் வட்டத்துக்குள் சிலுவைக்கோடு போட்டிருக்கிறார்கள். அது 2014இல் தனி எழுத்தாக வந்தது. ஆக, சொல்லின் பொருளை எழுத்தின் வடிவத்துக்குள் திணிப்பது அந்த எழுத்தர்களின் ஒரு விளையாட்டு. நம்மவர் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். ஒருமை, இருமை, அப்புறம் பன்மை!

இன்னொன்று: சிரிலிக்கில் பெரும்பாலான எழுத்துகளுக்குப் பெரியது, சிறியது என்று இரண்டு வடிவம். பல கண் ஒவுக்கு மட்டும் ஒன்றுதான். ஒரே முறை எழுதப்பட்டதற்கு இரண்டாவது வடிவம் எங்கிருந்து வரும்?

வேப்பம்பூ (காலை 7:15)

வேத வகுப்பு எடுப்பவள் என்பதால் இந்த இடத்தில் நுழைகிறேன். அந்த எழுத்தர் குழம்பிவிட்டாரோ என்று முதலில் தோன்றியது. பைபிளில் ஏசாயா 6இல் சேராபீன்களுக்கு (தம்பி சொன்ன செராஃபிம்கள்தான்) ஆறு செட்டைகள், அதாவது சிறகுகள், உண்டு, உடலெல்லாம் கண் என்று இல்லை. கண்களால் நிறைந்திருப்பவர்கள் எசேக்கியேல் 10:12இல் வரும் கேருபீன்கள் என்ற இன்னொரு வகை வானதூதர்கள். ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 4:8இல் நான்கு ஜீவன்களுக்கு ஆறு செட்டைகளும் உண்டு, கண்களும் உண்டு. கிழக்குத் திருச்சபையில் யோவான் கிறிசோஸ்தோம் பெயரால் வழங்கும் வழிபாட்டில் கேருபீன்களையும் சேராபீன்களையும் சேர்த்தே ஆறு செட்டை உடையவர்கள், பல கண் உடையவர்கள் என்பார்கள். அதை அன்றாடம் கேட்டு வளர்ந்த துறவிக்குச் சேராபீன் என்றதும் கண்கள்தான் ஞாபகம் வந்திருக்கும். குழப்பம் இல்லை.

அது போகட்டும். தம்பி சொன்ன பெயரை வைத்துத் தேடி என் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று முறை எண்ணினேன். பத்து வருகிறது. மொட்டைமாடி ஏழு என்கிறார். யாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்?

மொட்டைமாடி (7:58)

நானும் மறுபடி பார்த்தேன் அக்கா. ஏழுதான். சத்தியமாகப் பணியாரக்கல்.

எழுத்துருத்தம்பி (9:05)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இருவரும் சரி.

2008இல் யூனிகோடு அட்டவணையில் அச்சான வடிவத்துக்கு ஏழு கண். எழுத்துரு செய்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து ஏழு போட்டார்கள். நானும் போட்டேன். மூல ஏட்டை எடுத்து எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பல வருடம் கழித்து ஒருவர் ட்விட்டரில் இந்த எழுத்தைப் பற்றி எழுத, பேச்சு பரவி, ஏட்டின் படத்தைத் தேடிப் பார்த்தால் அங்கே இருப்பது பத்து கண்! செப்டம்பர் 2022இல் வந்த 15.0 பதிப்பில் அட்டவணை வடிவத்தைப் பத்து கண்ணாகத் திருத்தினார்கள். பழைய எழுத்துரு இருக்கும் கருவியில் ஏழு, புதியதில் பத்து.

உலகத்திலேயே ஒரு தடவைதான் எழுதப்பட்டது. அந்த ஒரு தடவையையும் பதினான்கு வருடம் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தோம். என் தொழிலுக்கு இது அவமானம், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுள்ளான் (9:31)

அப்போது ஏழு கண் வேறு எழுத்து, பத்து கண் வேறு எழுத்தா? நாளைக்கு எவனாவது எட்டு போட்டால்?

எழுத்துருத்தம்பி (9:50)

இல்லை. யூனிகோடு கணக்கில் எழுத்து வேறு, வடிவம் வேறு. யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைத்து எழுதிய பழைய லை, ணை, னை ஞாபகம் இருக்கிறதா? 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன் பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். கணினியில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே குறியீடு. எந்த உருவத்தில் காட்டுவது என்பது எழுத்துருவின் பாடு. அதே மாதிரிதான், ஏழானாலும் பத்தானாலும் ஆள் ஒருவர்.

ஏட்டுக்கட்டு (முற்பகல் 11:10)

சுவடி படிக்கும் கிழவனுக்கும் இரண்டு வரி இடம் கொடுங்கள்.

நம் ஓலைகளில் இந்த விளையாட்டு நடந்திருக்காது. எழுத்தாணி கீறும், குத்தும். மெய்யெழுத்துக்குரிய ஒற்றைப் புள்ளியையே வைக்காமல் விட்டவர்கள் நாம். குத்தினால் ஓலையில் ஓட்டை விழும். பத்து வட்டம் கீறி, பத்திலும் புள்ளி வைத்தால் அந்த இடம் சல்லடையாகிவிடும். அந்த ரஷ்யத் துறவியின் கையில் இறகும் மையும் இருந்தன, அவருக்கு அந்தச் சொகுசு.

எங்களுடைய சிரமம் நேர் எதிரானது. பழைய ஓலையில் ‘ர’வும் துணைக்காலும் ஒரே உருவம். குறில் எகரமா நெடில் ஏகாரமா, அதுவும் தெரியாது. வரியின் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் எழுத்துக்குப் பத்து கண் வைத்தவர்களைப் பற்றிப் படிக்கும்போது, ஒரே கோட்டுக்கு இரண்டு வேலை கொடுத்த நம் ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

கசான்ரிட்டர்ன் (பிற்பகல் 12:35)

ஐயா சொன்ன ‘ஒரே கோட்டுக்கு இரண்டு வேலை’ என்னை விடுதி நாட்களுக்குக் கொண்டுபோய்விட்டது. பல கண் ஒ எனக்குத் தெரியாது, ஆனால் வினோதமான இன்னொரு சிரிலிக் எழுத்தோடு ஆறு வருடம் குடியிருந்தேன்.

என் அறைத்தோழன் செச்சன்யாக்காரன். அவன் வீட்டுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் சொல்லுக்குச் சொல் 1 என்ற எண் வரும். முதல் வருடம் முழுக்க ஏதோ விலைப்பட்டியல் அனுப்புகிறான் என்று நினைத்தேன். கடைசியில் கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தான். அது எண் இல்லையாம், ‘பாலச்கா’ என்ற எழுத்தாம். ரஷ்ய மொழியில் அதற்குச் சின்னக் குச்சி என்று பொருள். உருவமும் அதுதான், செங்குத்தாக ஒரு கோடு. ரஷ்ய மொழியில் இந்த எழுத்து இல்லை. செச்சன், இங்குஷ், அவார், லெஸ்கி, கபார்டியன், அதிகே என்று காகசஸ் மலைப்பகுதி மொழிகளுக்குத்தான் இது வேண்டும்.

அந்த மொழிகளில் சில ஓசைகள் நம் வாய்க்கு வரவே வராது. தொண்டையை இறுக மூடிக்கொண்டு, வாய்க்குள் இருக்கும் காற்றை மட்டும் ‘டக்’கென்று தெறிக்க விட்டு ‘க’, ‘த’, ‘ப’ சொல்ல வேண்டும். அவன் சொல்லிக் காட்டுவான், நான் செய்தால் விக்கல் மாதிரி இருக்கும். சாதாரண எழுத்துக்குப் பக்கத்தில் இந்தக் குச்சியை நட்டால் அது தெறிக்கும் ஓசை. செச்சனில் குச்சி தனியாக நின்றால் தொண்டையின் அடியிலிருந்து வரும் ஓசை, அரபியின் ஐன் எழுத்து மாதிரி. கபார்டியனில் தனிக்குச்சி என்றால் குரல்வளையைப் பட்டென்று மூடித் திறப்பது. அவர்கள் மொழியில் ‘கை’ என்ற சொல்லே அதில்தான் தொடங்குகிறது. அவார் மொழியில் ‘மொழி’ என்ற சொல் குச்சியில் முடிகிறது. இங்குஷ் மக்கள் தங்களுக்கு வைத்திருக்கும் பெயரில் குச்சி இரண்டு இடத்தில் நிற்கும். செச்சன்யாவின் தலைநகரான க்ரோஸ்னியைச் செச்சனில் சொல்ஜா-கலா என்பார்கள். அந்தக் ‘கலா’விலும் குச்சி உண்டு, அவன் செய்திகளில் அது ‘க1லா’ என்கிற மாதிரி இருக்கும்.

ஏன் 1? 1920களில் இந்த மொழிகளை லத்தீன் எழுத்துக்கு மாற்றினார்கள், 1930களின் பிற்பாதியில் அங்கிருந்து சிரிலிக்குக்கு மாற்றினார்கள். ரஷ்யத் தட்டச்சுப் பொறியில் குச்சிக்குச் சாவி கிடையாது. கையில் இருந்த 1 என்ற எண்ணை அடித்தார்கள், இல்லை லத்தீன் ‘ஐ’ (I) எழுத்தை அடித்தார்கள். கணினி வந்த பிறகும் ரஷ்ய விசைப்பலகையில் அதே கதை.

எழுத்துருத்தம்பி (1:02)

அருமை. இதில் கணினிச் சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செச்சன் நெடுங்கணக்கில் குச்சிதான் கடைசி எழுத்து. குச்சியில் தொடங்கும் சொல் அகராதியின் கடைசியில் வர வேண்டும். அதை 1 போட்டு அடித்தால், கணினி எண் என்று நினைத்து அகராதியின் தலையில் கொண்டுபோய் உட்கார வைக்கும். ஒருவர் 1 போட்டு எழுதியதை இன்னொருவர் உண்மையான குச்சி போட்டுத் தேடினால் கிடைக்காது. லத்தீன் ‘ஐ’ போட்டவருடையது இருவருக்குமே கிடைக்காது. கண்ணுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நமக்கும் இந்த வலி கொஞ்சம் தெரியும். ‘எ’ என்ற எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழான ‘௭’ விழுந்த உரையில் எதையாவது தேடிப் பாருங்கள்.

ஏட்டுக்கட்டு (1:20)

பார்த்திருக்கிறேன் தம்பி. ஸ்கேன் செய்து கணினி எழுத்தாக்கிய பழைய நூல்களில் துணைக்கால் ‘ர’வாக மாறி நிற்பதையும் பார்த்திருக்கிறேன். ஓலையில் விட்டது கணினியில் தொடர்கிறது.

சுள்ளான் (1:47)

இப்போதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. செச்சன் மட்டுமே பத்து லட்சத்துக்கும் மேல் பேர் பேசும் மொழி. அவர்கள் தினம் எழுதும் எழுத்துக்கு எண்ணைக் கடன் வாங்குகிறார்கள். ஒரு சாமியார் ஒரு தடவை போட்ட பணியாரத்துக்குச் சொந்தமாக இடம். இதுதான் உங்கள் யூனிகோடு நியாயமா?

எழுத்துருத்தம்பி (2:15)

கோபம் சரி, குறி தப்பு. குச்சிக்கு இடம் இல்லாமல் இல்லை. 1993இல் வந்த 1.1 பதிப்பிலேயே பெரிய வடிவம் இருந்தது. சிறிய வடிவம் 2006இல், 5.0 பதிப்பில் சேர்ந்தது. அது தாமதம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பல கண் ஒவுக்கு முன்பே இரண்டுமே வந்துவிட்டன. அட்டவணையில் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. மொத்தம் 11 லட்சத்துக்கும் மேல் இடம் இருக்கிறது, 15.0 பதிப்பு வரை நிரம்பியவை 1,49,186. சாமியார் யாருடைய நாற்காலியிலும் உட்காரவில்லை.

விசைப்பலகையில் சாவி வைப்பது யூனிகோடின் வேலை இல்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் கருவி செய்கிறவர்கள், அரசாங்கங்கள், பள்ளிகள். இப்போது கைபேசியில் செச்சன் விசைப்பலகை கிடைக்கிறது. ஆனால் பழகிய விரல் 1க்குத்தான் போகும்.

பல கண் ஒ வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அந்த ஏட்டைக் கணினியில் எழுத்துக்கு எழுத்து ஏற்ற நினைக்கும் ஒருவருக்கு அது வேண்டும். கேட்டார்கள், காகிதம் தயாரித்தார்கள், கிடைத்தது. முந்திரி, காணி, மா போன்ற நம் பின்னங்கள், உழக்கு, பதக்கு, வராகன் குறிகள் எல்லாம் சேர்த்து 51 எழுத்து 2019இல் வந்த 12.0 பதிப்பில்தான் ஏறின. அதற்கும் யாரோ உட்கார்ந்து கல்வெட்டையும் ஓலையையும் பழைய அச்சையும் காட்டி எழுத வேண்டியிருந்தது.

சுள்ளான் (2:31)

சாமியாருக்கு 2008, நம் முந்திரிக்கு 2019. இதைத்தான் நானும் சொல்கிறேன்.

வேப்பம்பூ (2:40)

முந்திரியை நீங்கள் கடைசியாக எப்போது எழுதினீர்கள் சுள்ளான்?

சுள்ளான் (2:44)

320இல் ஒரு பங்கு. என் சம்பள உயர்வை எழுத அது போதும்.

கசான்ரிட்டர்ன் (மாலை 5:10)

ஒரு சின்னத் தகவல். ரஷ்யாவில் இன்று கண்ணுக்கு ‘கிளாஸ்’ என்பார்கள், பழைய ‘ஓகோ’ கவிதையில்தான் வரும். ஆனால் மூக்குக்கண்ணாடிக்குப் பெயர் ‘ஓச்கி’ என்று எழுதி ‘அச்கீ’ என்று உச்சரிப்பது. தம்பி சொன்ன அந்த ‘ஓச்சி’தான். ஜன்னலுக்கு ‘அக்னோ’, அதுவும் கண்ணிலிருந்து வந்ததுதான். அந்தத் துறவி இப்போது கண்ணாடிக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதினால் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன்.

அப்புறம் அறைத்தோழனிடம் இன்று கேட்டேன், இப்போதாவது குச்சியைக் குச்சியாகவே அடிக்கிறாயா என்று. அவன் போனில் சரியான விசைப்பலகை இருக்கிறதாம். அவசரத்தில் 1தான் வருகிறதாம். ‘உன் அம்மா?’ என்றேன். அம்மா எழுதுவதையே விட்டுவிட்டார், எல்லாம் குரல் செய்திதான். அதில் தெறிக்கும் ஓசை ஒன்றுகூடத் தப்பாது என்கிறான்.

மொட்டைமாடி (இரவு 9:26)

சதுரங்கக்காரருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன், இந்த எழுத்தை ஏன் வைத்தீர்கள் என்று. ‘பார்க்க நன்றாக இருந்தது’ என்று பதில். 1429, செராஃபிம், எதுவும் அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் எத்தனை கண் தெரிகிறது என்று கேட்டார். ஏழு என்றேன். அவருக்கும் ஏழுதானாம். பத்து தெரிய என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். தம்பி?

எழுத்துருத்தம்பி (9:40)

எழுத்துருவைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கணினியில் எளிது, கைபேசியில் தயாரிப்பாளர் மனது வைக்க வேண்டும்.

சுள்ளான் (9:58)

நானும் சோதித்துப் பார்த்தேன். பல கண் ஒ என் போனில் ஜம்மென்று வருகிறது, ஏழு கண்ணோடு. முந்திரியைப் போட்டேன். பெட்டி.

எழுத்துருத்தம்பி (10:06)

எந்தப் போன்? நாளை எழுத்துரு ஒன்று அனுப்புகிறேன், போட்டுப் பாருங்கள்.